கர்னல் பயந்துட்டார்!

"தம்பி, நீ போட்டுக் குடுத்த லினக்ஸ் என்னைப் பார்த்துக் கண்ணடிக்குது!"

ஒரு சனிக்கிழமை ராத்திரி ஒன்பதரை மணிக்கு, வாயில் தோசையோடு இருந்த எனக்கு வந்த போன் இது. பேசியவர் கோரிமேட்டில் எங்கள் தெருவில் குடியிருக்கும் சொல்தா தாத்தா. (வெளியூர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை: சொல்தா என்றால் பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்து ரிடையர் ஆனவர். பாண்டிச்சேரியில் இந்தப் பட்டத்துக்குத் தனி மரியாதை. அந்தக் காலத்தில் ஃபிராங்க்கிலும் இப்போது யூரோவிலும் பென்ஷன் வருகிறதே, சும்மாவா?)

"விவரமாச் சொல்லுங்க தாத்தா."

"ஸ்க்ரீன் பூரா கறுப்பு. அதுலே பொடிப் பொடியா வெள்ளை எழுத்து. கீபோர்டுலே பெரிய எழுத்துக்குன்னு ஒரு விளக்கு இருக்கே, அது பளிச் பளிச்னு கண்ணடிக்குது. ஆனா ஒண்ணு... நான் ஒண்ணுமே பண்ணலே!"

கம்ப்யூட்டர் ரிப்பேர் சரித்திரத்தில் இந்தக் கடைசி வாக்கியம் இல்லாமல் ஒரு கேஸும் ஆரம்பித்ததில்லை.

"ஒண்ணுமே பண்ணலையா?"

"சாயங்காலம் 'அப்டேட் பண்ணட்டுமா?'ன்னு கேட்டுச்சு. 'வுய்'னு தட்டினேன். நடுவிலே இங்கிலீஷ்லே நீளமா ஒரு பொட்டி வந்துச்சு. அதுக்கும் 'வுய்'. அப்புறம் 'ரீஸ்டார்ட் பண்ணட்டுமா?'ன்னுச்சு..."

"அதுக்கும் 'வுய்'யா?"

"அவ்ளோ மரியாதையாக் கேக்கும்போது 'நோன்'னு எப்படிப்பா சொல்றது?"

தோசையை மூடி வைத்துவிட்டு ஓடினேன். ஓடியதற்குக் காரணம் இருந்தது.

வெளிநாட்டில் வசிக்கும் பிரெஞ்சு பென்ஷன்காரர்கள், "நான் உயிரோடுதான் இருக்கிறேன்" என்று வருஷத்துக்கு ஒரு தடவை சான்றிதழ் அனுப்ப வேண்டும். கெடுவுக்குள் போய்ச் சேராவிட்டால் பென்ஷன் நின்றுவிடும். தாத்தா நாலு இடம் அலைந்து, கையெழுத்தும் முத்திரையும் வாங்கி, அதை ஸ்கேன் செய்து லேப்டாப்பில் பத்திரமாக வைத்திருந்தார். திங்கட்கிழமை கடைசி நாள். ஒரிஜினல் காகிதம் எங்கே என்கிறீர்களா? அதுதான் கம்ப்யூட்டரில் ஏற்றியாச்சே என்று பாட்டி அதைப் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிட்டார்!

ஆக, தாத்தா உயிரோடு இருக்கிறார் என்பதற்கு ஒரே சாட்சி, செத்துப்போன ஒரு லேப்டாப்புக்குள் இருந்தது.

தரகர் நான்தான்

இதில் எனக்கு என்ன பங்கு? கல்யாணத்தில் தரகருக்கு இருக்கிற பங்கு. அந்த லேப்டாப்பில் லினக்ஸைக் கொண்டுவந்து குடி வைத்தவன் நான்தான்.

தாத்தாவின் லேப்டாப்புக்குப் பத்து வயசு. பாட்டரி எப்போதோ காலமாகி, ஒயரை மாட்டினால்தான் உயிர். அதில் விண்டோஸ் 10 ஓடிக்கொண்டிருந்தது... தப்பு, நடந்துகொண்டிருந்தது. 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு மைக்ரோசாஃப்ட், விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவை நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11-க்கு மாறலாமே என்றால், டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு அம்சம் வேண்டும், பிராசஸர் இந்தத் தலைமுறைக்கு மேல்தான் இருக்க வேண்டும் என்று வரன் தேடும் விளம்பரம் மாதிரி கண்டிஷன்கள். தாத்தாவின் லேப்டாப் ஜாதகமே பொருந்தவில்லை. உலகம் பூராவும் இப்படி லட்சக்கணக்கான நல்ல கம்ப்யூட்டர்கள் வயசு காரணமாக வாசலில் நிறுத்தப்பட்டன.

அப்போதுதான் நான் மூக்கை நுழைத்தேன். "தாத்தா, லினக்ஸ்னு ஒண்ணு இருக்கு. காசு கிடையாது. பழைய கம்ப்யூட்டர்லேயும் ஜம்முனு ஓடும்."

"காசு கிடையாதுன்னா நல்லா இருக்காதே?"

நியாயமான சந்தேகம்தான். பதில் சொன்னேன். 1991-ல் ஃபின்லாந்தில் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற 21 வயசுப் பையன், பொழுதுபோக்காக எழுத ஆரம்பித்த சமாசாரம் இது. ஏற்கெனவே ரிச்சர்ட் ஸ்டால்மன் என்ற அமெரிக்கர் 1983-லேயே, சாஃப்ட்வேர் எல்லோருக்கும் சுதந்திரமாகக் கிடைக்க வேண்டும் என்று ஜி.என்.யூ. திட்டத்தை அறிவித்துப் பாதி வீட்டைக் கட்டி வைத்திருந்தார். இரண்டும் சேர்ந்துகொண்டன. இன்றைக்கு உங்கள் ஆண்ட்ராய்டு போனுக்குள் இருப்பது லினக்ஸ் கர்னல்தான். உலகின் முதல் 500 சூப்பர் கம்ப்யூட்டர்களும் 2017 நவம்பரிலிருந்து லினக்ஸில்தான் ஓடுகின்றன.

நம் பக்கத்துக்கும் இது புதிதில்லை. தமிழக அரசின் எல்காட் நிறுவனம், உமாசங்கர் ஐ.ஏ.எஸ். அதன் நிர்வாக இயக்குநராக இருந்த சமயத்தில், 2006-07 வாக்கில் லினக்ஸுக்கு மாறியது. சென்னை சி-டாக், டெபியன் லினக்ஸை அடிப்படையாக வைத்துச் செய்த 'பாஸ்' லினக்ஸ் 2007 ஜனவரியில் வெளிவந்தது. பிறகு தமிழகத்தில் மாணவர்களுக்குக் கொடுத்த இலவச லேப்டாப்களிலும் பாஸ் இடம்பிடித்தது. கேரளாவில் அரசுப் பள்ளிக்கூடங்கள் பல வருஷமாக லினக்ஸில்தான் பாடம் நடத்துகின்றன.

இத்தனையும் சொல்லி, போட்டும் கொடுத்தேன். ஆறு மாசம் தாத்தா ராஜாவாக இருந்தார். பாரிஸில் இருக்கும் பெண்ணோடு வீடியோவில் பேசினார். பேத்திக்குத் தமிழில் மெயில் அடித்தார். "இவ்ளோ நாள் எங்கேப்பா இருந்துச்சு இது?" என்று என்னைக் கேட்டார்.

இன்றைக்கு என்னைப் பார்த்த பார்வையில் அந்த ஆறு மாசமும் காணாமல் போயிருந்தது.

"ஃபார்மட் அடிச்சிடலாம்ணா!"

நான் போவதற்குள் அங்கே ஒரு வைத்தியர் ஆஜர். தாத்தாவின் பேரனுடைய சிநேகிதன். எந்தக் கம்ப்யூட்டர் வியாதிக்கும் அவனிடம் ஒரே மருந்துதான் உண்டு.

"ஃபார்மட் அடிச்சிடலாம்ணா. அரை மணி நேர வேலை."

"உள்ளே இருக்கிற ஃபைல்?"

"அது போயிடும். ஆனா சிஸ்டம் புதுசு மாதிரி ஆயிடும்."

தாத்தாவின் முகம் ஸ்க்ரீனை விடக் கறுத்தது. தலைவலி என்று போனவனிடம், 'தலையை எடுத்துட்டா வலி போயிடும்' என்பது மாதிரி இருக்கிறது இது. ஆனால், நம் ஊர் ரிப்பேர் கடைகள் பலவற்றில் இதுதான் முதல் சிகிச்சை. கல்யாண ஆல்பம், பிள்ளையின் புராஜெக்ட், வீட்டுப் பத்திரத்தின் ஸ்கேன் என்று இந்த 'அரை மணி நேர வேலை'யில் போன சொத்துக்கள் எத்தனையோ.

வாசகர்கள் இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொண்டால் போதும். அப்டேட்டுக்குப் பிறகு லினக்ஸ் கிளம்பவில்லை என்றால், அநேகமாக உங்கள் ஃபைல் எதுவும் எங்கேயும் போயிருக்காது. வாசல் கதவு சிக்கிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். உள்ளே பீரோ பீரோவாகவே இருக்கும். கதவு திறக்கவில்லை என்பதற்காக யாராவது வீட்டை இடிப்பார்களா?

கோரிமேட்டில் குடியிருப்பதில் ஒரு சௌகரியம். பக்கத்தில் ஜிப்மர் இருக்கிற விசேஷம், இங்கே டீக்கடைக்காரர்கூட "எப்பலேர்ந்து? என்ன சாப்பிட்டே?" என்று விசாரித்துவிட்டுத்தான் வைத்தியம் சொல்வார். கம்ப்யூட்டருக்கும் அதேதான். எப்போதிலிருந்து கெட்டது? அதற்கு முன்னால் கடைசியாக என்ன மாறியது? என்ன சொல்லி அழுகிறது?

மூன்றாவது கேள்விக்குப் பதில் ஸ்க்ரீனிலேயே இருந்தது. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு படித்தேன். "கர்னல் பானிக்."

"என்னப்பா சொல்லுது?"

"கர்னல் பயந்துட்டார் தாத்தா."

தாத்தா நிமிர்ந்து உட்கார்ந்தார். "என் சர்வீஸ்லே நான் பார்த்த எந்தக் கர்னலும் பயந்ததில்லே!"

இது அந்தக் கர்னல் இல்லை என்று விளக்க வேண்டியதாயிற்று. லினக்ஸின் உயிர்நாடியான புரோகிராமுக்குப் பெயர் கர்னல். ஹார்டு டிஸ்க், மெமரி, கீபோர்டு எல்லாவற்றையும் கட்டி மேய்ப்பது அதுதான். மேற்கொண்டு என்ன செய்வது என்றே தெரியாத நிலைமை வந்தால், தப்பாக எதையாவது செய்து ஃபைலைக் கெடுப்பதை விட நின்றுவிடுவது மேல் என்று அப்படியே நின்றுவிடும். அதைத்தான் பானிக் என்கிறார்கள். பல லேப்டாப்களில் அப்போது கேப்ஸ் லாக் விளக்கும் மினுக்கும். தாத்தாவைப் பார்த்துக் கண்ணடித்தது இதுதான்.

"சரி, ஏன் பயந்தார்?"

"டிஸ்கைத் திறக்க முடியலையாம்."

சாவி இல்லாத கர்னல்

இங்கே ஒரு நிமிஷம், அப்டேட் என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம்.

லினக்ஸில் அப்டேட் என்பது ஒரு சாமானை மாற்றுவதல்ல. கர்னல், பிரவுசர், ஆபீஸ் சாஃப்ட்வேர், எழுத்துருக்கள், படம் பார்க்கிற புரோகிராம் என்று நூற்றுக்கணக்கான பொட்டலங்கள் ஒரே இடத்திலிருந்து, ஒரே தடவையில் வரும். எங்கள் கோரிமேடு எல்லையில் செக்போஸ்ட் இருக்கிறது. அதைத் தாண்டினால் தமிழ்நாடு, விழுப்புரம் மாவட்டம், பட்டானூர். அங்கே வண்டியை நிறுத்திக் காகிதம் பார்ப்பது மாதிரி, ஒவ்வொரு பொட்டலத்தையும் லினக்ஸ் நிறுத்திக் கேட்கும். "நீ யார்? உன்னை அனுப்பினது யார்? உன்கூட வரவேண்டியவங்க எல்லாம் வந்தாச்சா?" கேள்விக்குச் சரியான பதில் இருந்தால்தான் உள்ளே விடும்.

இதில் கர்னல் மட்டும் தனி ரகம். புதுக் கர்னல் வந்தால் பழையதை அழித்துவிட்டு வராது. பக்கத்தில் வந்து உட்காரும். கூடவே ஒரு சாவிக்கொத்தும் தயாராகும். அதற்கு 'இனிட்ராம்எஃப்எஸ்' என்று வாயில் நுழையாத பெயர். காலையில் கம்ப்யூட்டர் எழுந்ததும், இந்தச் சாவிக்கொத்தை வைத்துத்தான் கர்னல் டிஸ்கைத் திறக்கும். சாவி இல்லையென்றால் தன் வீட்டுக்கு முன்னாலேயே அது திருதிருவென்று விழிக்க வேண்டியதுதான்.

தாத்தா வீட்டில் அதுதான் நடந்திருந்தது. புதுக் கர்னல் வந்துவிட்டது. சாவிக்கொத்து வரவில்லை.

ஆனால் பழைய கர்னல்? அது பக்கத்து அறையில் தன் சாவியோடு பத்திரமாக இருக்க வேண்டுமே!

லேப்டாப்பை அணைத்தேன். பத்து வரை எண்ணினேன். மறுபடி பட்டனை அழுத்தி, கம்பெனி பெயர் மின்னியதும் எஸ்கேப் கீயைத் தட்டினேன். (சில பழைய மெஷின்களில் ஷிஃப்ட் கீயை அழுத்திப் பிடிக்க வேண்டும்.) 'கிரப்' என்கிற மெனு வந்தது. கம்ப்யூட்டரைக் கிளப்பிவிடுகிற வாட்ச்மேன் அது. அதில் இரண்டாவது வரி 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்'. அதற்குள் போனால் வரிசையாகக் கர்னல்கள். முதலில் இருந்தது புதுசு. அதை விட்டுவிட்டு அடுத்த நம்பரில் இருந்த பழசைத் தேர்ந்தெடுத்து என்டர் தட்டினேன்.

வீட்டில் யாரும் பேசவில்லை. பாட்டி சாமி படத்தைப் பார்த்தபடி நின்றிருந்தார். பேரனின் சிநேகிதன் ஃபார்மட் பென் டிரைவைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தான்.

கறுப்பு... கறுப்பு... சட்டென்று நீலம். பேத்தியின் போட்டோ!

"வந்துட்டா!" என்றார் பாட்டி.

நான் முதலில் செய்த வேலை, உயிர்ச் சான்றிதழை ஒரு பென் டிரைவில் காப்பி எடுத்ததுதான். மெக்கானிக் வேலை எல்லாம் அப்புறம். இதைப் பெரிய எழுத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: உயிர் திரும்பியதும் முதல் வேலை காப்பி எடுப்பது, இரண்டாவது வேலைதான் ரிப்பேர்.

குற்றவாளி யார்?

இப்போது துப்பறிகிற கட்டம். சாவிக்கொத்து ஏன் வரவில்லை?

டெபியன், உபுண்டு, மின்ட் வகை லினக்ஸ்களில், எந்தத் தேதி எத்தனை மணிக்கு என்னென்ன மாறியது என்பதற்கு ஒரு நாட்குறிப்பு உண்டு. 'வார்' என்ற ஃபோல்டருக்குள் 'லாக்', அதற்குள் 'ஆப்ட்'. திறந்து பார்த்தேன். அன்று சாயங்காலம் நடந்தது அத்தனையும் இருந்தது. நடுவில் ஒரு வரி: டிவைஸில் இடம் இல்லை.

எங்கே இடம் இல்லை? 'டி.எஃப்.' என்று ஒரு கட்டளை கொடுத்தால் டிஸ்கில் எந்த அறையில் எவ்வளவு காலி என்று காட்டும். தாத்தாவின் பெரிய அறையில் ஏகப்பட்ட இடம். ஆனால் கர்னல்கள் தங்குகிற 'பூட்' என்ற சின்ன அறை நூற்றுக்கு நூறு நிரம்பி வழிந்தது. அறையின் மொத்த அளவே 300 எம்.பி.! இந்தக் காலத்தில் ஒரு கர்னலும் சாவிக்கொத்தும் சேர்ந்தால் நூறு எம்.பி. வரைகூட இடம் கேட்கும். ஏற்கெனவே இரண்டு குடித்தனம் உள்ளே. மூன்றாவதாக வந்தவர் உடம்பை நுழைத்துவிட்டார், பெட்டியை வைக்க இடமில்லை.

"அந்த அறையை இவ்ளோ சின்னதாக் கட்டினது எந்த மடையன்?" என்றார் தாத்தா.

நான் கொஞ்ச நேரம் பதில் பேசவில்லை.

ஏனென்றால் அந்த மடையன் இந்தக் கட்டுரையை எழுதிக்கொண்டிருக்கிறான். லினக்ஸ் போடும்போது, 'எல்லாவற்றையும் நானே பார்த்துக்கொள்கிறேன்' என்று இன்ஸ்டாலர் சொன்னது. நான்தான் பெரிய எஞ்சினியர் மாதிரி, டிஸ்கை நானே பாகம் பிரிக்கிறேன் என்று உட்கார்ந்து, எதற்கு வீணாக இடம் என்று கஞ்சத்தனமாக 300 எம்.பி. ஒதுக்கினேன். ஒரு ஜி.பி.யாவது கொடுத்திருக்க வேண்டும்.

உண்மையை ஒப்புக்கொண்டேன். பழி லினக்ஸ் மேலும் இல்லை, அப்டேட் மேலும் இல்லை. பாதி என் மேல். மீதிப் பாதி, "இடம் இல்லை" என்று அது கதறிக்கொண்டு காட்டிய பெட்டிக்கு 'வுய்' சொன்னவர் மேல். தாத்தா இந்தப் பங்கீட்டைப் பெருந்தன்மையாக ஏற்றுக்கொண்டார்.

மருந்து சுலபம்தான். உபயோகத்தில் இல்லாத மிகப் பழைய கர்னலை முறைப்படி நீக்கினேன். (ஃபைலைப் பிடித்து டெலிட் செய்யக்கூடாது. தேவையில்லாததைக் கழிக்கவே 'ஆட்டோரிமூவ்' என்று ஒரு கட்டளை இருக்கிறது. இப்போது ஓடிக்கொண்டிருக்கும் கர்னலை மட்டும் தொடவே கூடாது.) இடம் கிடைத்ததும், பாதியில் நின்ற வேலையை முடிக்கச் சொல்கிற 'டி.பி.கே.ஜி. கான்ஃபிகர்' கட்டளையைக் கொடுத்தேன். சாவிக்கொத்து தயாரானது. ரீஸ்டார்ட். இந்தத் தடவை புதுக் கர்னல் கம்பீரமாக உள்ளே நுழைந்தார். மணி பதினொன்றே கால். சான்றிதழ் அப்போதே பாரிஸுக்குப் பறந்தது.

அப்டேட்டே வேண்டாமா?

"தம்பி, இனிமே அப்டேட்னு கேட்டா 'நோன்' சொல்லிடட்டுமா?" என்றார் தாத்தா, பாட்டி கொடுத்த காப்பியை ஆற்றியபடி.

நிறையப் பேர் இந்த முடிவுக்குத்தான் வருகிறார்கள். அவர்கள் பக்கம் நியாயமும் இருக்கிறது. பெரிய பெரிய இடங்களிலேயே அப்டேட் சறுக்கியிருக்கிறது. 2017 டிசம்பரில் உபுண்டு 17.10 பதிப்பு, சில லெனோவோ லேப்டாப்களின் பயாஸ் செட்டிங்கையே மாற்ற முடியாதபடி செய்துவிட்டது. டவுன்லோடையே நிறுத்தி, சரிசெய்து, 2018 ஜனவரியில் மறுபடி விட்டார்கள். 2020 ஜூலையில் 'பூட்ஹோல்' என்ற ஓட்டையை அடைக்க வந்த அப்டேட்டால், ரெட் ஹாட் வகை சர்வர்கள் பல கிளம்பவே மறுத்தன. 2024 ஆகஸ்டில் வந்த ஒரு விண்டோஸ் அப்டேட், அதே கம்ப்யூட்டரில் கூடவே குடியிருந்த லினக்ஸை வாசலில் நிறுத்திவிட்டது. அதற்கு முந்தைய மாசம், ஜூலை 19 ஞாபகம் இருக்கிறதா? கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு சாஃப்ட்வேரின் ஒரே ஒரு கோளாறான அப்டேட்டில் சுமார் 85 லட்சம் விண்டோஸ் மெஷின்கள் படுத்தன. நம் ஊர் ஏர்போர்ட்டில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள்.

அப்படியானால் வேண்டாமா? இன்னொரு தேதியையும் பாருங்கள். 2017 மே 12. 'வான்னாக்ரை' வைரஸ் உலகம் பூரா ஆஸ்பத்திரிகளையும் அலுவலகங்களையும் பூட்டிப் போட்டுவிட்டுப் பணம் கேட்டது. அது நுழைந்த ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் மார்ச் மாசமே அப்டேட் கொடுத்திருந்தது. போட்டவர்கள் தப்பினார்கள். 'நோன்' சொன்னவர்கள் மாட்டினார்கள்.

"ஊசி போட்டா கை வலிக்கும் தாத்தா. அதுக்காகப் போடாம இருந்தா?"

"சரி சரி" என்றார். "ஆனா வலிச்சா என்ன பண்ணணும்னு எழுதிக் குடுத்துட்டுப் போ."

எழுதிக் கொடுத்தேன். உங்களுக்கும் பயன்படும் என்பதால் அதையே இங்கே தருகிறேன்.

தாத்தாவின் சுவரில் ஒட்டியிருக்கும் காகிதம்

அப்டேட்டுக்கு முன்னால்:

● முக்கியமான ஃபைல்களைப் பென் டிரைவிலோ வெளி டிஸ்கிலோ காப்பி எடுக்கவும். 'டைம்ஷிஃப்ட்' என்ற புரோகிராம் சிஸ்டத்தை அப்படியே போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளும். கெட்டால் பழைய நிலைக்குத் திரும்பலாம். ஆனால் அது சிஸ்டத்துக்குத்தான். உங்கள் போட்டோ, கடிதங்களுக்குத் தனிக் காப்பி வேண்டும்.

● கரண்ட் போகிற நேரமாக இருந்தால், முக்கியமான வேலைக்கு முந்தின நாளாக இருந்தால், இன்றைக்கு வேண்டாம்.

● சின்ன அப்டேட் வேறு, புதுப் பதிப்புக்குத் தாவுவது வேறு. தாவுவதற்கு அவசரப்படாதீர்கள். உபுண்டுவே, நீண்டகாலப் பதிப்பு வைத்திருப்பவர்களை அடுத்ததற்கு அழைப்பது, வழக்கமாக அதன் முதல் திருத்தப் பதிப்பு வந்த பிறகுதான்.

● இங்கிலீஷில் பெட்டி வந்தால் படிக்காமல் 'வுய்' சொல்லாதே! புரியாவிட்டால் போனில் ஒரு படம் எடு.

அப்டேட்டுக்குப் பின்னால்:

● கிளம்பவில்லையா? பழைய கர்னலில் கிளப்பிப் பார். ஃபெடோரா வழக்கமாக மூன்று கர்னல்களைக் கைவசம் வைத்திருக்கும். உபுண்டு வகைகளும் முந்தினதைத் தூக்கி எறிவதில்லை.

● திரை மட்டும் வரவில்லையா? பெரும்பாலும் கிராஃபிக்ஸ் கார்டின் டிரைவர் புதுக் கர்னலோடு ஒத்துப்போகவில்லை. பழைய கர்னலில் நுழைந்து, லினக்ஸின் சொந்த டிரைவர் மேனேஜர் மூலமாக மறுபடி போடவும்.

● வைஃபை காணோமா? டிரைவரை இறக்க இன்டர்நெட் வேண்டும், இன்டர்நெட்டுக்கு டிரைவர் வேண்டும் என்று தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டாம். போனை யு.எஸ்.பி. ஒயரில் செருகி 'டெதரிங்' போட்டால் லேப்டாப்புக்கு நெட் வந்துவிடும்.

● சத்தம் வரவில்லையா? சவுண்ட் செட்டிங்கைப் பார். அநேகமாக ஸ்பீக்கருக்குப் பதில் எச்.டி.எம்.ஐ.க்கு மாறியிருக்கும்.

● தமிழ் கீபோர்டு மறைந்துவிட்டதா? கீபோர்டு செட்டிங்கில் தமிழ்99-ஐ மறுபடி சேர்த்தால் போதும்.

● பாதியில் கரண்ட் போய் நின்றதா? அதே அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸில் 'ரெக்கவரி மோட்' இருக்கிறது. உபுண்டுவில் அதற்குள்ளேயே உடைந்த பொட்டலங்களைச் சரிசெய்யும் வரியும் உண்டு.

● எதற்குமே மசியவில்லையா? லினக்ஸ் ஏற்றிய பென் டிரைவிலிருந்து கம்ப்யூட்டரைக் கிளப்பினால், உள்ளே இருக்கும் டிஸ்கைத் திறந்து ஃபைல்களை வெளியே எடுத்துவிடலாம். டிஸ்கைப் பூட்டி வைத்திருந்தால் பாஸ்வேர்டு கேட்கும்.

● ஃபார்மட் கடைசி வைத்தியம். அதுவும் காப்பி எடுத்த பிறகு!

இதையும் மீறிச் சிக்கல் வந்தால், தனியாக அழ வேண்டியதில்லை. புதுச்சேரியில் கட்டற்ற மென்பொருள் வன்பொருள் இயக்கம் என்று ஓர் அமைப்பு இருக்கிறது. செக்போஸ்டுக்கு அந்தப் பக்கம் விழுப்புரத்தில் ஜி.என்.யூ./லினக்ஸ் பயனர் குழு இருக்கிறது. சென்னையிலும் இப்படிப் பழைய குழு உண்டு. தமிழிலேயே கேட்கலாம். ஒரு நிபந்தனை: "வொர்க் ஆகலே" என்று மொட்டையாகச் சொல்லாமல், எப்போது, எதற்குப் பிறகு, என்ன எழுத்து வந்தது என்று சொல்ல வேண்டும். ஜிப்மரில் போய் "உடம்பு சரியில்லே" என்று மட்டும் சொன்னால் டாக்டர் என்ன செய்வார்?

அன்றிலிருந்து தாத்தாவிடம் ஒரு நாற்பது பக்க நோட்டு இருக்கிறது. அப்டேட் செய்த தேதி, நேரம், வந்த பெட்டியில் இருந்த வாசகம் எல்லாம் அதில் ஏறிவிடுகிறது. பூட் அறையையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூராவும் உட்கார்ந்து ஒரு ஜி.பி.க்குப் பெரிதாக்கிக் கொடுத்தேன். அது என் அபராதம்.

போன வாரம் பால் வாங்கப் போகும்போது வாசலில் பார்த்தேன். "லேப்டாப் எப்படி இருக்கு தாத்தா?"

"பிரமாதம். பென்ஷனும் வந்துடுச்சு. நான் உயிரோடதான் இருக்கேன்னு அவங்களும் ஒத்துக்கிட்டாங்க."

பாட்டி உள்ளிருந்து குரல் கொடுத்தார். "காலையிலே அதைத் திறந்தவுடனே இவரு என்ன பண்றாரு தெரியுமா தம்பி? எழுந்து நின்னு சல்யூட் அடிக்கிறாரு!"

"பின்னே?" என்றார் தாத்தா. "கர்னலாச்சே!"